வர்த்தக ஒலிபரப்பும் ஈழத்துப் பேச்சுத் தமிழும்: நிகழ்ச்சி வடிவங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதியோர் ஏடுகளுக்கு அளித்த இடத்தை வானொலிக்கு அளித்தாரல்லர். 'ஈழகேசரி', 'மறுமலர்ச்சி' முதலியவற்றின் பங்களிப்பு நுணுகி ஆராயப்பட்டுள்ளது. எழுத்தறியாதாரும் கேட்டு மகிழ்ந்த ஒலிபரப்புப் பற்றியோ நினைவுக் குறிப்புகளே மிகுதி, விமர்சனம் அரிது. அக்குறிப்புகளிலும் அறிவிப்பாளர் குரலின் இனிமையே பேசப்படுகின்றது. அக்குரல் எத்தகைய நிகழ்ச்சி வடிவத்துள் நின்று ஒலித்தது, அவ்வடிவத்தை நிர்ணயித்த சக்திகள் யாவை என்னும் வினாக்களை இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

கொழும்பில் முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்கெனக் கொழும்பில் நிலையம் ஒன்று இயங்கியது. போர் முடிந்தபின் அதன் ஒலிபரப்பு வசதிகள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949இல் 'ரேடியோ சிலோன்' அமைந்தது. மறு ஆண்டே வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாயிற்று. ஆனால் நமது ஆய்வுக்கு நிர்வாக மாற்றங்களைவிட, தேசிய சேவை, வர்த்தக சேவை என்ற பிரிவே முக்கியமானது.

தேசிய சேவையின் நோக்கம் அறிவூட்டல் எனக் கருதப்பட்டது. பேச்சும் கருநாடக இசையும் அதன் முதன்மைப் பொருள்கள். நிலையத்தின் தமிழ்ப் பிரிவை வளர்த்த சோ. சிவபாதசுந்தரம் 1954இல் 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை வெளியிட்டமை, அத்துறை தன்னைப் பற்றித் தானே சிந்தித்ததற்குச் சான்று. நாடகத்தில் சானா எனப்பட்ட சண்முகநாதனின் பணி பெரிது. இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' யாழ்ப்பாணப் பேச்சு வழக்கை வானொலிக்கு உரியதாக்கிற்று. எனினும் அங்கு ஒலித்தது பெரும்பாலும் ஒரு பிரதேசத்தின், அதிலும் உத்தியோகம் பார்த்த நடுத்தர வர்க்கத்தினரின் தமிழே.

வர்த்தக சேவையின் பிறப்பு வேறு வகையினது. 1952இல் இந்திய ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்திய நேயர்கள் கொழும்பை நாடினர். இந்தி மொழிச் சேவையில் 'பினாக்கா கீத்மாலா' ஒரு பற்பசையின் பெயரால் உபகண்டமெங்கும் புகழ்பெற்றது. தமிழிலும் நிலைமை இதுவே. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்து தமிழ்நாட்டில் ஒலித்தது. பாட்டு, விளம்பரம், மீண்டும் பாட்டு என்னும் அமைப்பைக் கொழும்பு நேயரின் தேவை மட்டும் உருவாக்கவில்லை. அண்டை நாட்டின் சந்தையும் உருவாக்கிற்று. 'பொங்கும் பூம்புனல்' போன்ற நிகழ்ச்சிகளின் இனிமையை மறுப்பதற்கில்லை. ஆயினும், தென்னிந்தியத் திரையின் பொருளைக் கொழும்பிலிருந்து தென்னிந்தியாவுக்கே திருப்பி அனுப்பிய இவ்வணிகத்தில் ஈழத்துப் படைப்பாளிக்கு என்ன இடம் இருந்தது?

1970களில் அவ்விடம் கிடைத்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவைக் குறைத்தன. உள்ளூர்ப் படைப்புக்குத் தேவை பிறந்தது. முற்போக்கு அணியினரான சில்லையூர் செல்வராசன் முதலில் திரைப்படச் சுவடியாக எழுதிய 'தணியாத தாகம்' மக்கள் வங்கியின் அனுசரணையுடன் தொடர் நாடகமாயிற்று. விளம்பரதாரர் அரச வங்கி என்பது கவனிக்கத்தக்கது. பற்பசைக்குப் பாட்டுப் போதும். மக்களைச் சேமிக்கத் தூண்டும் வங்கிக்குக் குடும்பக் கதை வேண்டியிருந்தது போலும்!

எஸ். ராமதாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மரைக்காராக ராமதாஸ் முஸ்லிம்களின் வழக்கைப் பேசினார், அப்புக்குட்டியாக ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழைப் பேசினார், உபாலியாகச் செல்வசேகரன் சிங்களவரின் நாவில் புரளும் தமிழைத் தந்தார், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத் பிராமண வழக்கில் பேசினார். முஸ்லிம் ஒருவர் ஐயராகவும், இந்துப் பெயருடையவர் மரைக்காராகவும் ஒரே கூரையின் கீழ்ப் பேசினர். எவரது தமிழும் அளவுகோலாக நிறுத்தப்படவில்லை. 1960களில் பேச்சு வழக்கை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் பழித்தபோது, முற்போக்கு எழுத்தாளர் அச்சிலே போராடினர். அப்போராட்டத்தின் பயனை அச்சுக்கு வெளியே மிகப் பரந்த அளவில் அனுபவித்தது வர்த்தக நாடகம் எனலாம். அதனை நமது விமர்சகர் பொருட்படுத்தாமைக்கு அது 'சிரிப்பு நாடகம்' என்பதே காரணமாயிற்று.

தேசிய சேவை வெள்ளவத்தைக்கு, வர்த்தக சேவை கொட்டாஞ்சேனைக்கு என்று கூறுவது கவர்ச்சியான வாய்பாடுதான். வெள்ளவத்தையின் யாழ்ப்பாண உத்தியோகத்தரையும், கொட்டாஞ்சேனையின் துறைமுகத் தொழிலாளர், வணிகர், கத்தோலிக்கர், மலையக வம்சாவளியினர் ஆகியோரையும் அது நினைவூட்டும். ஆனால் பாட்டுக் கேட்பதில் வர்க்கம் அவ்வளவு ஒழுங்காகப் பிரிவதில்லை. கொட்டாஞ்சேனை போன்ற கலப்புச் சூழலில் பழகிய செவிக்கே 'கோமாளிகள்' இயல்பாக விளங்கும் என்ற அளவில் மாத்திரம் அவ்வாய்பாட்டை ஏற்கின்றோம். அந்நாடகத்தின் குறையும் இங்கேயே உண்டு. பாத்திரங்கள் தத்தம் சமூகத்தின் அடையாளச் சீட்டுகளாகவே நிற்கின்றன; அவர்களிடையே உண்மையான முரண்பாடு எழுவதில்லை. உபாலியின் கொச்சைத் தமிழுக்குச் சிரித்த நேயர், மொழிச் சட்டம் பற்றிச் சிந்திக்குமாறு தூண்டப்படவில்லை.

1977இன் திறந்த பொருளாதாரம், 1982இல் வந்த ரூபவாஹினி, 1983 ஜூலை வன்செயல் ஆகிய மூன்றும் இச்சூழலை அடுத்தடுத்துத் தாக்கின. கலைஞரும் நேயரும் ஒருங்கே சிதறினர். 1990களின் இறுதியில் எழுந்த தனியார் பண்பலை நிலையங்கள் நேயர் விருப்பத்தையும் பாட்டுப் போட்டியையும் மத்திய அலையிலிருந்து சுவீகரித்தன. நாடகம் செலவு மிக்கது; பாட்டோ மலிவு. வர்த்தக சேவையின் 1950களின் வடிவம் புதிய தொழில்நுட்பத்தோடு மீண்டது; 1970களின் வடிவம் மீளவில்லை.

'கோமாளிகள்' 1976இல் திரைப்படமாகவும் வந்தது. அதே தசாப்தத்தின் ஈழத்துச் சிறுகதை உரையாடல்களையும் அந்நால்வரின் பேச்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வேலையை நமது தமிழ்த் துறைகளின் மாணவர் மேற்கொள்ளலாம். முதலில் தேட வேண்டியவை வானொலிப் பிரதிகளும் ஒலிநாடாக்களுமாம்.