ஆளில்லாத நாற்காலிகள்: பேட் பன்னியின் 'தெபி திரார் மாஸ் ஃபோட்டோஸ்'

'தெபி திரார் மாஸ் ஃபோட்டோஸ்' புவேர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னி 2025 ஜனவரி 5 அன்று வெளியிட்ட ஸ்பானிய மொழி இசைத்தொகுப்பு. 17 பாடல்கள் கொண்டது. தலைப்புக்கு 'இன்னும் நிறையப் புகைப்படங்கள் எடுத்திருக்க வேண்டும்' என்று பொருள். அட்டையில் வாழைகளுக்கு முன்னால் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் உள்ளன. அமர்ந்திருந்தவர்கள் எங்கே என்பதுதான் தொகுப்பு முழுக்க ஒலிக்கும் கேள்வி.

அமெரிக்கச் சந்தையைப் பிடிக்க ஆங்கிலத்தில் பாட வேண்டும் என்பது லத்தீன் அமெரிக்கப் பாடகர்களுக்கு நெடுங்காலம் எழுதப்படாத விதி. ஷகிராவும் 2001இல் 'லாண்டரி சர்வீஸ்' வழியாக அப்படித்தான் நுழைந்தார். பேட் பன்னி அதை மதிக்கவில்லை. அவரது 'எல் உல்திமோ தூர் தெல் முந்தோ' 2020இல் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் முழு ஸ்பானியத் தொகுப்பு. இந்தத் தொகுப்பில் பொதுவான ஸ்பானியம்கூட அவருக்குப் போதவில்லை. நியூயார்க்கைக் குறிக்கும் 'நுவேவா யோர்க்' இங்கே 'நுவேவாயோல்' ஆகிறது. உண்மை என்று பொருள்படும் 'வெர்தாத்' 'வெல்தா' ஆகிறது. ரகரம் லகரமாகத் திரியும் இவ்வழக்கு தீவின் பேச்சு மொழி. அதைத் தலைப்பிலேயே அச்சிட்டது துணிச்சலானது.

இசையிலும் அதே போக்கு உண்டு. 'பைலே இனோல்விதாப்லே' இளம் இசைக் கலைஞர்கள் நேரடியாக வாசித்த நீண்ட சால்சா. 'கஃபே கோன் ரோன்' கைப்பறைகளின் தாளத்தில் அமைந்த பிளேனா. ஊர்ச் செய்திகளைச் சொல்வதால் 'பாடப்படும் செய்தித்தாள்' என்று பெயர் பெற்ற வடிவம் அது. இவற்றுக்கு நடுவே 'வெல்தா', 'பெர்ஃபுமிதோ நுவேவோ' போன்றவை வலுவற்றவை. அவரது எந்தப் பழைய தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கக் கூடியவை.

தொகுப்பின் உயிர் 'லோ கே லே பாசோ அ ஹவாய்'. 'ஹவாய்க்கு நேர்ந்தது' என்று பொருள். புவேர்ட்டோ ரிக்கோவும் ஹவாயும் ஒரே ஆண்டில், 1898இல், அமெரிக்காவின் கைக்குப் போனவை. ஹவாய் 1959இல் மாநிலமானது. புவேர்ட்டோ ரிக்கோ இன்றும் மாநிலமும் அல்ல, தனி நாடும் அல்ல. 2012இல் வெளியிலிருந்து குடியேறும் முதலீட்டாளர்களுக்கு வரிச்சலுகை தரும் சட்டம் வந்தது. 2017இல் மரியா சூறாவளி தாக்கியது. பல்லாயிரவர் தீவைவிட்டு வெளியேறினர். ஆறும் கடற்கரையும் பிறர் கைக்குப் போகும் அச்சத்தைப் பாடல் ஏறக்குறைய முணுமுணுப்பாகச் சொல்கிறது. பேட் பன்னி குரலை இவ்வளவு தாழ்த்திய பாடல்கள் மிகக் குறைவு.

ஆனால் தொகுப்பின் புகழ் அதன் எச்சரிக்கையையே சிக்கலாக்கியது. 2025 ஜூலையில் சான் ஹுவானில் அவர் தொடங்கிய தொடர் நிகழ்ச்சியில் முதல் 9 இரவுகள் தீவுவாசிகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டன. பிந்தைய இரவுகளுக்கு வெளிநாட்டு ரசிகர்கள் விடுதி அறையும் நுழைவுச்சீட்டும் சேர்த்தே வாங்கி வந்தார்கள். சுற்றுலாவுக்கு அஞ்சும் பாடலே சுற்றுலாவுக்குக் காரணமானது. அந்த 9 இரவுகள் நேர்மையான பதில்தான், ஆனால் சிறிய பதில்.

இறுதிப் பாடலான 'லா முதான்சா', அதாவது 'வீடு மாறுதல்', பெற்றோர் சந்தித்த கதையில் தொடங்கிக் கொடியில் வந்து நிற்கிறது. 1948 முதல் 1957 வரை நடப்பிலிருந்த வாய்ப்பூட்டுச் சட்டத்தின்கீழ் புவேர்ட்டோ ரிக்கோ கொடியை ஏற்றுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.