இருட்டில் நிற்கிறவர்களின் பாட்டு: ‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’

‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’ ஒரு தேர்வோடு தொடங்குகிறது. மேடே என்ற கிட்டார்காரியும் ஸூக் என்ற டிரம்ஸ்காரனும் மேடையேறி வாசிக்கிறார்கள். நல்லாவே வாசிக்கிறார்கள். ஆனால் அது ராக், நடுவர்களுக்கு வேண்டியது இடிஎம். நிராகரிப்பு. வெளியே வந்தால் நகரமே இருட்டு, ஆட்சி செய்யும் நிறுவனத்துக்கு மட்டும் மின்சாரம் இருக்கிறது. நல்லா செஞ்சும் ‘உங்க வகை எங்களுக்கு வேண்டாம்’ என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இது மலேசியாவில் செய்த கேம். ‘ஃபைனல் ஃபேண்டசி 15’இல் வேலை பார்த்த வான் ஹஸ்மரும் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’இல் வேலை பார்த்த டைம் ஜியாவுடினும் நாடு திரும்பி ஆரம்பித்த மெட்ரோனோமிக், 2020 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. வைனல் சிட்டி என்ற கற்பனை நகரம் இசையிலிருந்து கிடைக்கும் சக்தியில் ஓடுகிறது. அந்தச் சக்தி யார் கையில் என்பதுதான் கதை.

இதன் பெரிய பலம், காதால் விளையாட வைப்பது. எதிரிகள் தாளத்துக்குத்தான் அடிப்பார்கள். நாம் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் தப்பிக்க வேண்டுமென்றால் பாட்டைக் கேட்டே ஆக வேண்டும். சண்டை போகிற போக்கில் அதே மெட்டு இடிஎம்மிலிருந்து ராக்குக்கு மாறும். நாம் ஜெயிக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும் முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். உறுமி மேளம் கேட்டு வளர்ந்த ஜொகூர்ப் பையனுக்கு இது புதுசில்லை. அடி மாறினால் கூட்டத்தின் உடம்பு மாறும் என்று கோவில் வாசலிலேயே தெரிந்துகொண்டதுதான்.

இரண்டாவது பலம் வில்லன்கள். சாயு ஒரு கணினிக் கடற்கன்னி. அவளுக்குப் பின்னால் குரலும் அசைவும் கொடுப்பவர்கள் நான்கு இளைஞர்கள். 1010 ஐந்து ரோபோக்களின் பாய்ஸ் பேண்ட். உடைத்தால் தொழிற்சாலையிலிருந்து புதுசு வரும். யினு பியானோ வாசிக்கும் சின்னப் பெண், அவளைக் காக்க அவள் அம்மா பூதாகரமாக எழுந்து நிற்கிறாள். அந்தச் சண்டையில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு குழந்தையின் கச்சேரியைக் கெடுப்பதா புரட்சி?

கேம் சறுக்குவதும் இங்கேதான். இந்தக் கேள்வியைக் கதை எழுப்புகிறது, விளையாட்டு எழுப்புவதில்லை. யினுவை அடிக்க விரும்பாதவனுக்கு வேறு வழியே கிடையாது. அடி, ஜெயி, அடுத்த பேட்டைக்குப் போ. கடைசியில் புரட்சிக்குப் பின்னால் இருந்தவரின் நோக்கமும் சுத்தமில்லை என்று காட்டுகிறார்கள். நல்ல திருப்பம்தான், ஆனால் அவசர அவசரமாக வந்து போகிறது.

இதைவிடப் பெரிய குறை நகரம். மேடேவும் ஸூக்கும் யாருக்காகப் போராடுகிறார்களோ அந்த மக்களுக்கு முகமே இல்லை. தெருவில் ஆங்காங்கே நிற்பார்கள், இரண்டு வரி பேசுவார்கள், அவ்வளவுதான். கரண்ட் போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும்? மீன் கெட்டுப்போகும், பாட்டி விசிறியைத் தேடுவாள், பிள்ளை படிக்க முடியாது. அப்படி ஒரு வீட்டையாவது காட்டியிருந்தால் மேடேயின் கோபம் நம் கோபமாகியிருக்கும். இப்போது அது பாட்டு எடுபடாத கலைஞரின் கோபமாக மட்டும் நிற்கிறது. பாஸுக்கு முன்னால் வரும் பகுதிகளில் அதே சில ரோபோக்களை அடித்துக்கொண்டே போவதும் அலுப்பு. கேமரா பல இடங்களில் தூரத்தை ஏமாற்றும், நம் தப்பில்லாமலே அடி விழும்.

ஸூக்கின் அண்ணன் டிகே வெஸ்ட் மலாயில் ராப் பாடி வருகிறான், வாயாங் கூலிட் நிழல்களோடு. உலகச் சந்தைக்குப் போகும் கேமில் நம் ஊர் மொழி வெட்கமில்லாமல் ஒலிக்கும்போது எனக்குப் புல்லரித்தது. அடுத்த நொடியே ஒரு சின்ன வலி. இதே நாட்டில் 2006இல் யோகி பியும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ ஆல்பத்தைத் தந்தார்கள். தமிழ் ராப் என்றால் தமிழ்நாடே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்தக் குரல் வைனல் சிட்டியில் இல்லை.

இதை மெட்ரோனோமிக் மீது புகாராகச் சொல்லவில்லை. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த நிழலை, தெரிந்த மொழியைக் கொண்டுவந்தார்கள், அதனால்தான் அந்தக் காட்சி உயிரோடு இருக்கிறது. ‘ஒரு தமிழ்ப் பாத்திரம் போடுங்க’ என்று கேட்டு வாங்கினால் அது தீபாவளி விளம்பரத்தில் வரும் வேட்டி மாதிரிதான் இருக்கும். உறுமியைத் தெரிந்த ஒருவர் கோடு எழுத உட்கார வேண்டும். நம்மில் கோடு எழுதுகிறவர்கள் நிறைய, கதை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இருவரும் ஒரே மேசையில் உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

குறைகளோடே இதை விளையாடிப் பாருங்கள். முடிந்தால் ஹெட்ஃபோன் போட்டு. யினுவிடம் வரும்போது கை கொஞ்சம் தயங்கினால், கேம் சொல்லத் தவறியதை நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.