கேட்ட கதையும் கிடைத்த ஏடும்

"இந்தப் பாட்டைப் பாடியவர் யார்?"

பசுமலையில் மாலை வேளையில் ஆசிரியர் நால்வர் கூடினால், இந்தக் கேள்வி பிறக்காமல் இராது. ஒருவர் பாதிப் பாட்டைச் சொல்வார்; மற்றவர் மீதியை முடிக்கத் திணறுவார்; மூன்றாமவர் "காளமேகம்" என்பார்; நான்காமவர் "இல்லை, இரட்டையர்" என்பார். தேநீர் ஆறிவிடும், வழக்கு ஆறாது!

இனிய பொழுதுபோக்கு, குறை கூறுவதற்கில்லை. ஏடு எட்டாத எளியவரிடையே பாட்டையும் கதையையும் காத்து வந்தது மக்களின் நினைவுதான். ஆனால் நினைவு காக்கும், சிதைக்கவும் செய்யும். அதை நாம் அறிந்துகொண்டது நமது வகுப்பறையிலேதான்.

பள்ளி இலக்கிய மன்றத்தில் ஒருநாள் திருவள்ளுவரைப் பற்றிப் பேசினோம். ஆதி என்ற தாழ்த்தப்பட்ட குலத்துத் தாய்க்கும் பகவன் என்ற பார்ப்பனத் தந்தைக்கும் பிள்ளைகள் எழுவர், அவ்வை, உப்பை, உறுவை, வள்ளி, அதிகமான், கபிலர், வள்ளுவர் என்போர் அவர், ஏழு வீடுகளில் ஏழு குலத்தாரிடையே வளர்ந்தனர் என்று கதையை விரித்து, "பிறப்பிலே என்ன இருக்கிறது?" என்று முடித்தோம். கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, இது எந்த நூலில் இருக்கிறது?" என்றாள்.

"பெரியோர் சொல்லக் கேட்டது" என்றோம்.

சொன்ன பிறகுதான் சுட்டது. நாளெல்லாம் பகுத்தறிவு பேசும் வாய், புராணிகர் தரும் அதே விடையை அல்லவா தந்துவிட்டது!

தேடினோம். கதை 'கபிலர் அகவல்' என்னும் நூலில் கிடைத்தது. சங்கக் கபிலர் பெயரைத் தாங்கியிருந்தாலும், நடையாலும் சொல்லாலும் அது பிற்கால நூல். புறநானூற்றைப் புரட்டினால், அவ்வையார் தகடூர் அதியமானைப் புரவலனாகப் பாடுகிறார், உடன்பிறந்தானாக அல்ல. வேறொரு கதையோ அதே அவ்வையைக் கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சொற்போரிட வைக்கிறது. கூத்தர் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். ஒரே மூதாட்டி ஓராயிரம் ஆண்டுக்கு மேல் கோலூன்றி நடந்தாரா? அவ்வை என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த புலவர் பலரை, ஊரார் நினைவு ஒருவராக உருட்டித் திரட்டிவிட்டது. முதற்குறளில் இறைவனைக் குறித்து வரும் இரு சொற்களே தாயும் தந்தையுமாக உருமாறிவிட்டன!

இதே பசுமலையில் வாழ்ந்து 1959இல் மறைந்த நாவலர் சோமசுந்தர பாரதியார், வள்ளுவரைப் பற்றிய தம் ஆராய்ச்சியில் இக்கதையை மறுத்தார். அவர் வாழ்ந்த ஊரில் இருந்துகொண்டே நாம் அக்கதையை மேடையேற்றியிருக்கிறோம்!

இங்கே ஓர் உண்மையை ஒளிக்கலாகாது. கபிலர் அகவல் சாதியைச் சாடும் நூல். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்கவே அது இக்கதையைக் கையாள்கிறது. அதனால்தான் நமக்கு அது இனித்தது. இனித்ததால் ஆராயாமல் விட்டோம். நூலின் நோக்கம் நன்று; நூலை நூலாகப் போற்றுவோம். ஆயினும் நல்ல நோக்கம் சான்று ஆகிவிடாது. அன்றியும், உலகம் வியக்கும் புலவனுக்குப் பார்ப்பனத் தந்தை ஒருவரைத் தேடித் தரும் கதை எவருக்குப் பெருமை சேர்க்கிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தோமில்லை.

கேள்வி கேட்பது சிறுமையன்று. ஒரு கேள்வி தமிழிலக்கிய வரலாற்றையே திருப்பியது. 1880 அக்டோபர் 21. குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர், அங்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். "என்ன படித்திருக்கிறீர்?" என்றார் முதலியார். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று பட்டியல் நீண்டது. முதலியார் அசையவில்லை. "சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்?" என்றார். இல்லை என்பதே விடை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்த நேர்மையிலிருந்துதான் 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டும் சிலம்பும் புறநானூறும் மேகலையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

அந்த வேட்டை எளிதன்று. உரையாசிரியர் நச்சினார்க்கினியர், நூற்பெயர் சொல்லாமலே மேற்கோள்களை அடுக்கிச் செல்பவர். இது எந்த நூலின் அடி, எவர் பாடிய பாட்டு என்று ஏடு ஏடாகத் தேடினார் ஐயர். எட்டுத்தொகைச் சுவடிகள் கைக்கு வந்த பின்னரே பல அடிகளுக்குத் தாயகம் தெரிந்தது. சமணக் கருத்து விளங்காதபோது, சைவ மடத்தில் பயின்ற அவர் குடந்தைச் சமணரிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். கேட்பதற்குச் சாதியும் சமயமும் குறுக்கே நிற்கவில்லை.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியர் ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்றுச் சென்றபோது அவருக்குக் கிடைத்த விடை என்ன? பழைய ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்டார்கள் என்பது! எத்தனை நூல்கள் வெந்தனவோ! குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் விட்டுப்போன பெயர்களோ தருமபுர மடத்து ஏட்டில் கிடைத்தன. எரித்ததும் சமயத்தின் பெயரால். காத்துவைத்ததும் சமய மடம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நடுநிலை.

மூவேந்தரைப் பாடிய முத்தொள்ளாயிரத்தைப் பாருங்கள். முழுநூல் மறைந்தது, நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே எஞ்சின. அவற்றையும் காத்தது யார்? 'புறத்திரட்டு' என்னும் தொகை நூலைத் தொகுத்தவர். தம் பெயரைக்கூட விட்டுச் செல்லாதவர்! தமக்குப் பிடித்த பாடல்களை எடுத்தெழுதியதோடு நில்லாமல், இது இன்ன நூலினது என்று குறித்தும் வைத்தார். அந்தச் சிறு குறிப்பு இல்லையேல், குண்டலகேசியும் வளையாபதியும் வெறும் பெயர்களாக நின்றிருக்கும். முத்தொள்ளாயிரத்தை மதுரைத் தமிழ்ச் சங்கம் 1905இல் அச்சிட்டிருக்கவும் இயலாது.

இவ்வாறு உரைகளிலும் தொகைகளிலும் சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டி 1959இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற நூலை வெளியிட்டவர் மயிலை சீனி. வேங்கடசாமி. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர், பள்ளி ஆசிரியர். ஓய்வு நேரத்தை நூலகத்தில் செலவிட்ட ஆசிரியர் ஒருவரால் இவ்வளவு இயலுமென்றால், மாலைதோறும் வழக்காடும் நம்மால் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள இயலாதா?

தோழர்களே! இந்த உரைகல்லில் நம்மையும் உரைத்துப் பார்க்க வேண்டும். "பெரியார் சொன்னார்", "அண்ணா சொன்னார்" என்று மேடைகளில் முழங்குகிறோமே, எங்கே, எப்போது, எந்த இதழில் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? 1925இல் தொடங்கிய 'குடி அரசு' இதழின் எழுத்தை, நாளும் இதழும் குறித்து அறிந்துகொள்ள வழியுண்டு. பெரியாரின் எழுத்தையும் பேச்சையும் அவ்வாறே திரட்டி, வே. ஆனைமுத்து 1974இல் தொகுதிகளாக வெளியிட்டார். வழியிருந்தும் காதால் கேட்டதையே கடத்திக்கொண்டிருந்தால், யார் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்ற தலைவரையே ஒரு புராணமாக்கிவிடுவோம். சொல்லாததைச் சொன்னதாக ஒருமுறை பிடிபட்டால், சொன்னதையும் எதிரி நம்பமாட்டான்.

அடுத்த மன்றக் கூட்டத்தில், "சென்ற முறை சொன்னது கதை, வரலாறன்று" என்று மாணவர் முன் ஒப்புக்கொண்டோம். இம்முறை கைதட்டல் இல்லை. கேள்விகள் மட்டும் பத்துக்கு மேல் வந்தன!

பாட்டி பாடிய பாட்டை, பாதி நினைவிலுள்ள கதையைத் தூக்கி எறிய வேண்டா. யார் சொன்னார், எந்த ஊரில், என்றைக்கு என்று எழுதி வையுங்கள். நூலில் தேடுங்கள், கிடைத்தால் நூலையும் பக்கத்தையும் குறியுங்கள், கிடைக்காவிடில் "கேட்டது" என்றே குறியுங்கள். நினைவு நமக்குத் துப்பு, தீர்ப்பு அன்று. பிடிக்காத கதையை எவரும் ஆராய்வர். நமக்குப் பிடித்த கதையையும் நிறுத்தி, "எந்த நூல்?" என்று கேட்பவனே பகுத்தறிவாளன்.