கத்தி வேஷத்தின் கம்பீரம்

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது நரகாசுரனுக்காகப் பரிதாபப்படுகிறவர்கள் குறைவு. அவனைக் கதகளியில் பார்த்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சங்கடம் இருக்கும். அங்கே அவன் பெரிய ரசிகன். தோட்டத்தில் மனைவியோடு நின்று, மயில் ஆடுகிற அழகை அவளுக்குக் காட்டுகிறவன்.

இந்த நரகாசுரனை எழுதியவர் நிஜமான ராஜா ஒருவர். 1758 முதல் 1798 வரை திருவிதாங்கூரை ஆண்ட, தர்மராஜா என்று பெயரெடுத்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. அவர் ஆட்சியின் பெரும்பகுதிக்குத் தலைநகரம் தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம்தான். ‘நரகாசுரவதம்’ என்ற கதகளிப் பாட்டுநூலோடு (ஆட்டக்கதை), ‘பாலராமபரதம்’ என்ற சமஸ்கிருத நாட்டிய நூலும் அவருடையது. 1956 நவம்பர் 1-இல் பத்மநாபபுரம் இருக்கும் மண் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) சேர்ந்தது. அதனால் ஆட்டம் நின்றுவிடவில்லை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் இன்றும் கதகளி உண்டு.

கதகளியில் தர்மபுத்திரர், நளன் போன்ற உத்தமர்களுக்குப் பச்சை வேஷம். ராவணன், துரியோதனன், கீசகன், நரகாசுரன் முதலியோருக்குக் கத்தி வேஷம். பிறப்பால் உயர்ந்தவர்கள், ஆணவத்தால் கெட்டவர்கள். அதனால் முகத்தின் அடிநிறம் இவர்களுக்கும் பச்சைதான். கன்னத்தில் மேல்நோக்கி வளைந்த சிவப்புப் பட்டை, அதற்கு வெள்ளை விளிம்பு, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை. இவ்வளவுதான் வித்தியாசம். உத்தமனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே நிறத்தைப் பூசத் துணிந்த அந்தப் பழைய ஆசான்களின் உலக அறிவை மெச்சத்தான் வேண்டும்.

ஒப்பனைக்கு மணிக்கணக்கில் ஆகும். மனயோலை என்கிற மஞ்சள் அரிதாரத்தில் நீலம் சேர்த்துத் தேங்காயெண்ணெயில் குழைத்தால் பச்சை வரும். நடிகர் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்ள, சுட்டிக்காரர் என்கிற ஒப்பனைக் கலைஞர் தாடையோரம் வெள்ளை விளிம்பை ஒட்டுவார். சுண்டப்பூவை இமைக்குள் வைத்துக் கண்ணைச் சிவப்பாக்குவார்கள். இடுப்பில் அடுக்கடுக்காகத் துணி கட்டி, மேலே வெள்ளைப் பாவாடை. தலையில் மரத்தில் கடைந்த கிரீடம். இடது கை விரல்களில் நீண்ட வெள்ளி நகங்கள். பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றி, முழங்காலை அகற்றித்தான் நிற்க வேண்டும். இத்தனை சுமையோடு விடிய விடிய ஆடுகிறவரிடம் அலுப்பின் சாயல்கூடத் தெரியாது.

கத்தி வேஷக்காரர் சட்டென்று மேடைக்கு வந்துவிடமாட்டார். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் செண்டை முழங்கும். நகமிட்ட விரல்கள் திரையின் மேல்விளிம்பைப் பற்றும். திரை கொஞ்சம் தாழும்; கிரீடம் தெரியும், கண் தெரியும், மறுபடி மறையும். இது திரைநோக்கு. பச்சைக்காரர்கள் வாய் திறக்காதவர்கள். கத்திக்காரருக்கோ உறுமவும் முனகவும் அனுமதி உண்டு. ஆனால் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேச்செல்லாம் கையில்தான்.

ஆனாலும் கத்தி வேஷப் பிரபுவின் தோரணை முழுசாகத் தெரிவது போரில் அல்ல, தொடக்கத்தில் மனைவியோடு ஆடும் மெதுநடைச் சிருங்காரப் பதத்தில்தான். அவசரமே இல்லாதவனின் மிடுக்கு அது. நரகாசுரனுக்கு அங்கே கேகியாட்டம் என்றொரு பகுதி. மயில் தோகை விரிப்பது, கழுத்தைச் சாய்ப்பது, அலகால் இறகைக் கோதுவது என்று அவ்வளவையும் அந்தப் பெரிய பாவாடைக்குள் இருந்தபடியே காட்டுகிறார் நடிகர். சுமார் ரகத்துக் கலைஞர் மயிலை மட்டும் காட்டுவார். தேர்ந்தவர் ஆடும்போது, மயிலை ரசிக்கிற ஓர் அசுர ராஜாவும் கூடவே தெரிவான். வேஷத்துக்குள் வேஷம்.

பிறகு தூரத்தில் ஓர் ஓலம். காதைக் கொடுக்கிறான். என்ன சத்தம், எங்கிருந்து வருகிறது என்று யோசித்து யோசித்து அபிநயிக்கிறான். இந்திரன் மகன் ஜயந்தனால் அங்கபங்கப்பட்ட அரக்கி நக்ரதுண்டி உடம்பெல்லாம் ரத்தமாக வந்து நிற்கிறாள். மயிலின் கழுத்தை வரைந்த அதே கைகள் ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்குகின்றன. தேவலோகத்தின் மேல் படை கிளம்புகிறது.