தனிக்குரலும் பிறர் கூற்றும்: ரியானன் கிடென்ஸின் தனி இசைத்தொகுப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குழுவிலிருந்து பிரிந்து தனியே பாடத் தொடங்கும் கலைஞர், தம் பாடல்களைத் தாமே இயற்றுந்தோறும் மரபினின்று விலகித் தம் சொந்த அனுபவத்தை நோக்கி நகர்கிறார் என்பது இசைத் திறனாய்வில் பரவலாக நிலவும் கருத்து. அமெரிக்கப் பாடகர் ரியானன் கிடென்ஸின் மூன்று தனி இசைத்தொகுப்புகளை இக்கருத்திற்கு எதிராக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கிடென்ஸ் பாடல் இயற்றத் தொடங்கியது தன்னைப் பாடுவதற்காக அன்று. மரபு பாதுகாக்கத் தவறிய குரல்களுக்குப் பாடல் தருவதற்காகவே என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: வேரிசை, பாடலாசிரியப் பாடகர், கூற்று, ஆவணம், அடிமை முறை.

முன்னுரை

ப்ளூஸ், கன்ட்ரி, காஸ்பெல், அப்பலாச்சிய மலைப்பகுதி நாட்டார் பாடல் ஆகியவற்றை உள்ளடக்கிய அமெரிக்க இசையை 'ரூட்ஸ்' இசை, அதாவது வேரிசை என்பர். இவ்விசையில் 'தனிக் கலைஞர்' என்னும் தொடரே ஒரு முரணைக் கொண்டுள்ளது. வேரிசைப் பாடல் பலர் வாய்வழி வந்தது. அதன் மதிப்பும் அவ்வழியிலேயே தங்கியிருக்கிறது. தனிக் கலைஞரிடமோ 'உன்னுடையது எது?' என்று சந்தை கேட்கிறது. இவ்விரண்டு எதிர்பார்ப்புகளுக்கும் இடையில் கிடென்ஸ் கண்ட வழி திறனாய்வுக்குரியது.

குழுவும் மரபும்

வட கரோலைனாவைச் சேர்ந்த கிடென்ஸ் ஓபர்லின் கல்லூரியில் ஆப்பரா பயின்றவர். 2005இல் அம்மாநிலத்தில் நடைபெற்ற கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்களின் கூடுகையைத் தொடர்ந்து, டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகியோருடன் 'கரோலைனா சாக்லெட் டிராப்ஸ்' குழு உருவாயிற்று. முதுபெரும் ஃபிடில் கலைஞர் ஜோ தாம்சனிடம் மூவரும் நேரில் கற்றனர். பாஞ்சோ ஆப்பிரிக்க மூலமுடையது. எனினும் வெள்ளையர் இசைக்கருவியாகவே அது பொதுமனத்தில் பதிந்துவிட்டது. அப்பதிவை மறுப்பது குழுவின் நோக்கமாக இருந்தது. அந்நோக்கிற்குப் பழம்பாடல்களே போதிய சான்றாயின, புதுப்பாடல் தேவைப்படவில்லை.

முதல் தொகுப்பு: பிறர் பாடல்

2015இல் டி போன் பர்னெட்டின் தயாரிப்பில் வெளிவந்த 'டுமாரோ இஸ் மை டேர்ன்' கிடென்ஸின் முதல் தனித்தொகுப்பு. இதிலுள்ள 11 பாடல்களுள் 'ஏஞ்சல் சிட்டி' ஒன்றே அவர் இயற்றியது. ஏனையவற்றுள் பெரும்பாலானவை கீச்சி வைலி, எலிசபெத் காட்டன், ஒடெட்டா, நீனா சிமோன், டாலி பார்ட்டன் முதலிய பெண் கலைஞர்களோடு தொடர்புடையவை. தனி வாழ்வின் தொடக்கத்திலேயே முன்னோடிப் பெண்களின் வரிசையொன்றை நிறுவுவது துணிவான தேர்வாகும். ஆயினும் தொகுப்பு முழுமையான வெற்றி எனக் கூற இயலாது. ஒவ்வொரு பாடலையும் அதனதன் பாணியில் குறையின்றிப் பாடும் குரல்வளமே இங்குத் தடையாகிறது. 1930இல் கீச்சி வைலி பதிவு செய்த பாடலில் உள்ள கரடுமுரடான தயக்கம், கிடென்ஸின் பயிற்சி பெற்ற குரலில் சீராக்கப்பட்டுவிடுகிறது. முன்னோடிகள் போற்றப்படுகின்றனர், அவர்களோடு உரையாடல் நிகழவில்லை.

இரண்டாம் தொகுப்பு: ஆவணத்திலிருந்து கூற்று

2017இல் வெளிவந்த 'ஃப்ரீடம் ஹைவே' இந்நிலையை மாற்றுகிறது. 12 பாடல்களுள் ஒன்பது அவர் தனித்தோ பிறருடன் இணைந்தோ இயற்றியவை. தொடக்கப் பாடலான 'அட் த பர்ச்சேசர்ஸ் ஆப்ஷன்' அடிமை விற்பனை விளம்பரம் ஒன்றிலிருந்து பிறந்தது. விற்கப்படும் பெண்ணுக்கு வயது 22. ஒன்பது மாதக் குழந்தை உண்டு. அக்குழந்தையையும் சேர்த்து வாங்குவதா என்பது வாங்குபவரின் விருப்பம். விளம்பரம் அவ்வளவே கூறுகிறது. அப்பெண்ணின் சொல் எதுவும் அதில் இல்லை. அவள் பாடியிருக்கக்கூடிய பாடல் வாய்மொழி மரபிலும் கிட்டவில்லை. பாடகர் பாடலாசிரியராக வேண்டிய கட்டாயம் இவ்விடத்தில்தான் தோன்றுகிறது.

இங்குக் 'கூற்று' என்னும் தமிழ் அக மரபின் கருத்தாக்கம் துணைசெய்யும். அகப்பாடலில் பேசுபவர் புலவர் அல்லர். தலைவி, தோழி, செவிலி முதலிய மாந்தர். கிடென்ஸின் பாடல்களிலும் 'நான்' என்பது பாடகரைச் சுட்டுவதில்லை. ஆனால் அக மாந்தர் பொதுமை வடிவினர். விளம்பரத்தில் காணப்படும் பெண்ணோ உண்மையில் வாழ்ந்து விற்கப்பட்டவள். எனவே அவள் கூற்றாகப் பாடுவது அழகியல் தேர்வாக மட்டும் அமையாமல் அறப்பொறுப்பாகவும் ஆகிறது.

அப்பொறுப்பு எல்லாப் பாடல்களிலும் ஒரே அளவில் நிறைவேறவில்லை. உடலைக் கைக்கொண்டாலும் ஆன்மாவைக் கைக்கொள்ள முடியாது என்னும் கருத்து மேற்கண்ட பாடலின் பல்லவியாக மீள மீள வருகிறது. இவ்வீறு ஆவணம் தந்ததன்று, பாடலாசிரியர் வழங்கியது. கேட்போருக்கு அது ஆறுதலளிக்கிறது. அவ்வாறு ஆறுதல்பெறக் கேட்போருக்கு உரிமை உண்டா என்னும் வினாவைப் பாடல் எழுப்பவில்லை.

'ஜூலி' அதனினும் செறிவானது. உள்நாட்டுப் போரில் வடபடை நெருங்கும் வேளையில் எசமானிக்கும் அடிமைப் பெண்ணுக்கும் இடையே நிகழும் உரையாடலாக அது அமைகிறது. பொற்காசுப் பெட்டியை உன்னுடையதெனச் சொல் என்று எசமானி வேண்டுகிறாள். தன் பிள்ளைகளை விற்றுச் சேர்த்த பொன் அது என்பதை ஜூலி உணர்த்துகிறாள். இருவர் கூற்றையும் ஒரே குரல் பாடுகிறது. எசமானியின் கெஞ்சலும் அக்குரலிலேயே ஒலிப்பதால், கேட்போர் ஒரு பக்கம் எளிதில் சாய இயலாது. முதல் தொகுப்பில் தடையாக நின்ற குரல்வளம் இங்கு நாடகத்திற்குப் பயன்படுகிறது. இத்தொகுப்பின் உச்சம் இப்பாடலே எனலாம்.

மூன்றாம் நிலை: முழுவதும் சொந்தப் பாடல்

2023இல் வெளிவந்த 'யூ ஆர் த ஒன்' கிடென்ஸ் இயற்றிய பாடல்கள் மட்டுமே கொண்ட முதல் தொகுப்பு. பொதுக்கருத்துப்படி அவரது 'சொந்தக் குரல்' இங்குதான் முழுமையடைய வேண்டும். நிகழ்ந்தது அதுவன்று. காதலும் பிரிவும் பேசும் பாடல்கள் இனிமையானவை. எனினும் அவற்றை வேறு பாடகர் பாடினாலும் பெரிதாக ஒன்றும் குறையாது. தொகுப்பின் அழுத்தமான பாடல் 'அனதர் வேஸ்டட் லைஃப்'. விசாரணையே நடவாமல் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்றாண்டு அளவு அடைக்கப்பட்ட கலீஃப் ப்ரௌடர் என்னும் இளைஞரின் வாழ்வு அதன் தூண்டுதல். பாடல் முழுவதும் சொந்தமாக இருக்கும் தொகுப்பிலும், பிறர் வாழ்வை ஏற்கும் இடத்திலேயே கிடென்ஸின் ஆற்றல் வெளிப்படுகிறது.

முடிவுரை

மூன்று தொகுப்புகளையும் ஒருசேர நோக்கும்போது, இயற்றிய பாடல்களின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஒன்பதாகி முழுமையை எட்டுகிறது. கலைத்தரம் அதே வரிசையில் உயரவில்லை. மரபில் பாடல் உள்ள இடத்தில் அதனைப் பாடியும், இல்லாத இடத்தில் இயற்றியும் கிடென்ஸ் செயல்பட்டபோதே சிறந்த பாடல்கள் கிடைத்துள்ளன. ஆகவே வேரிசையின் தனிக் கலைஞரை மதிப்பிட 'இது யாருடைய பாடல்?' என்னும் வினா போதாது. 'இது யார் கூற்று, அக்கூற்று முன்பு ஏன் கேட்கப்படவில்லை?' என்னும் வினாக்களையும் திறனாய்வு எழுப்புதல் வேண்டும்.