கருங்கலமும் கைவினைஞன் பெயரும்

பழங்கலம் ஒன்றைக் கண்டு வியப்போர் பெரும்பாலும் அதனை வைத்திருந்த மன்னன் யாவன் என்றே கேட்கின்றனர். ஆக்கிய தொழிலாளி யாவன் என்று கேட்பார் அரியர். கலை விமரிசனம் என்னும் பெயரால் நம்மிடை உலவும் எழுத்துக்களிலும் இக்குறை மலிந்துள்ளது. ஆதலின், தக்கணத்துப் பீதர் நகரில் பிறந்த பிதரிக் கலத்தை எடுத்துக்கொண்டு, அதனைக் கலையாகவும் உழைப்பாகவும் ஒருங்கே ஆராய விழைகின்றோம். ரஹாங் வட்டாரத் தோட்டத்தாருக்கும் சிரம்பான் நகரத்தாருக்கும் இவ்வாராய்ச்சி அயலானதன்று.

பீதர், கர்நாடகத்தின் வடகோடியில் உள்ள நகரம். பாமினி சுல்தான்கள் 15-ஆம் நூற்றாண்டில் அதனைத் தலைநகராக்கினர். பாரசீகத்திலிருந்து அறிஞரும் கலைஞரும் அங்குப் போந்தனர். 1472-இல் எழுந்த மஹ்மூத் கவானின் கல்விக்கூடம் அதற்குச் சான்றாக நிற்கின்றது. உலோகத்திற் பூவும் கொடியும் செதுக்கி வெள்ளி பதிக்கும் இசுலாமிய மரபு, இந்நாட்டுத் துத்தநாகத்தோடு கூடிப் புதியதோர் உருக்கொண்டது. எஞ்சியுள்ள பழங்கலங்கள் பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டினவும் அதற்குப் பிற்பட்டனவும் ஆம். உக்காவின் நீர்க்குடுவை, கை கழுவும் கெண்டி, வெற்றிலைச் செல்லம் என அவை பலவகைப்படும்.

செய்முறையைக் கேளுங்கள். துத்தநாகம் ஏறத்தாழ 16 பங்கும் செம்பு 1 பங்கும் சேர்த்து உருக்கி வார்ப்பர். மயில்துத்த நீரால் சிறிது நேரத்திற்குக் கறுப்பேற்றி, அதன்மேல் கோடு வரைந்து, உளியாற் பள்ளம் வெட்டி, வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ அடித்துப் பதிப்பர். பின்னர்த் தேய்க்குங்கால் கறுப்பு நீங்கிக் கலமும் வெள்ளியும் ஒரே நிறமாகி, பட்டபாடெல்லாம் மறைந்ததுபோலத் தோன்றும். இறுதியில் கலத்தை இலேசாகச் சூடேற்றி, பீதர்க் கோட்டையின் மண்ணும் நவச்சாரமும் குழைத்துப் பூசுவர். கலம் கன்னங்கரேலென்று ஆகும். வெள்ளி மட்டும் மாறாது மிளிரும்.

பால்மரம் வெட்டும் நம் தோழர்களுக்கு இவ்வுளியின் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. கத்தியின் ஆழம் குறைந்தாற் பால் வாராது. மிகுந்தால் மரம் புண்படும். அங்ஙனமே பள்ளம் ஆழங் குறைந்தால் வெள்ளி நில்லாது. எல்லை மீறினாற் பூவின் வடிவம் கெடும். மயிரிழை அளவறிந்து கையை நிறுத்தும் அறிவே இரண்டு தொழிலுக்கும் உயிர்நாடி.

இனிக் கலத்தின் தகுதியைக் காண்போம். நியூயார்க்கு மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த உக்காக் குடுவை ஒன்றுளது. அதில் வெள்ளிக்கு மாறாகப் பித்தளை பதித்து ஐரிஸ் மலர்ச் செடிகளைக் காட்டியுள்ளனர். கருநிலத்தில் அம்மலர்கள் இரவிற் பூத்தன போல் நிற்கின்றன. அழகு பூவில் மட்டும் இல்லை. பூவைச் சூழ விடப்பட்ட கருமையிலும் உளது. வெள்ளியை வாரி இறைத்துக் கருமையையே ஒளித்துவிட்ட பிதரிக் கலங்களும் உள. அவை செல்வத்தைப் பறைசாற்றுகின்றன. கலையை அன்று என்பதே நம் முடிபு.

“இஃது இசுலாமியர் கலை; நமக்கென்ன?” என்று கேட்பாரும் உளர். பீதர்ப் பட்டறைகளில் இசுலாமியரும் லிங்காயத்தரும் இத்தொழிலைச் செய்து வந்துள்ளனர். உளி பிடித்தவனின் சமயத்தை உலோகம் கேட்பதில்லை. மரபின் பெயரை மறைத்தலும் பிழை; அம்மரபை ஒரு சாராருக்கே வேலியிட்டுக் கொடுத்தலும் பிழை.

ஆயினும் நம் நெஞ்சை உறுத்துவது பிறிதொன்று. பழம்பிதரிக் கலங்களிற் பெரும்பாலனவற்றில் செய்தவன் பெயர் இல்லை. இசுலாமியக் கலை மரபே பெயரை விழையாத அடக்கமுடையது என்று சிலர் சமாதானம் கூறுவர். அது பொருந்தாது. 1163-இல் ஹிராத் நகரிற் செய்த வெண்கல வாளி ஒன்று ருஷியாவின் ஹெர்மிடாஜ் கலைக்கூடத்தில் உளது. வார்த்தவன் முகம்மது இப்னு அப்துல் வாஹித் என்றும், அணிசெய்தவன் மசூத் இப்னு அகமது என்றும் அதிலேயே பொறித்துள்ளனர். 1232-இல் மோசுல் நகரிற் செய்த கெண்டி, இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உளது. அதில் ஷுஜா இப்னு மனா என்பான் தன் பெயரை எழுதியுள்ளான். எனவே, பெயரெழுத இடந்தந்த மரபே அது. பீதர்க் கலைஞன் பெயர் விடுபட்டமைக்கு மரபின்மேற் பழி சுமத்துதல் ஆகாது.

இக்குறை இக்காலத்தில் ஓரளவு நீங்கி வருகின்றது. 2006-இல் பிதரி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அஃது ஊரின் பெயரைக் காத்தது. 2023-இல் பீதர்க் கலைஞர் ஷா ரஷீத் அஹ்மத் காத்ரிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அஃது ஒரு மனிதனின் பெயரை நாடறியச் செய்தது. முன்னதினும் பின்னதையே நாம் பெரிதெனக் கொள்வோம். பால் எடுத்த கையின் பெயர் எந்த ரப்பர்ப் பொருளிலும் பொறிக்கப்படாத நாட்டில் வாழும் நமக்கு, இதன் அருமை நன்கு விளங்கும்.

கோலாலம்பூரில் 1998-இல் திறக்கப்பெற்ற இசுலாமியக் கலைக்கூடம் நமக்கு அண்மையிலேயே உளது. பிள்ளைகளுடன் அங்குச் செல்லும் அன்பர்கள், பழைய உலோகக் கலத்தின் முன் சற்றே நின்று, அருகிலுள்ள குறிப்பைப் படியுங்கள். ஊரும் காலமும் இருக்கும். செய்தவன் பெயர் உண்டா என்று தேடுங்கள். இல்லையேல் அக்குறையைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கலையை மதிக்கக் கற்பிக்கும் முதற்பாடம் அதுவே.