சாய்வில் இருக்கிறது சூட்சுமம்

நீரடி ரோபோவைக் காண்பவர்கள் முதலில் கேமராவைப் பார்ப்பார்கள். என் கண், நீரைத் தள்ளி அதை நகர்த்தும் த்ரஸ்டர்களைத் தேடும். எங்கே, எந்தச் சாய்வில் பொருத்தியிருக்கிறார்கள்? அதன் குணம் முழுவதும் அதில் தெரிந்துவிடும்.

த்ரஸ்டருக்குள் சுழலும் மோட்டார் நம் வட்டாரத்துக்குப் பழக்கமானது. ஒசூர் ஏத்தர் ஆலையிலும் போச்சம்பள்ளி ஓலா ஆலையிலும் உருவாகும் மின் ஸ்கூட்டர்களில் இருப்பதும் பிரஷ் இல்லாத மோட்டார்தான். ஆனால் ஸ்கூட்டரைத் தரை தாங்குகிறது. டயரின் பிடியில் அது பக்கவாட்டில் நழுவாமல் ஓடுகிறது. நீருக்குள் பிடிமானம் ஏது? எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கம் தள்ள ஒரு விசை வேண்டும்.

நான்கு த்ரஸ்டர்களையும் நேராக வைத்தால் முன்விசை முழுதாகக் கிடைக்கும். ஆனால் ரோபோ பக்கவாட்டில் ஓர் அங்குலமும் நகராது. நான்கு மூலைகளிலும் 45 பாகை சாய்த்துப் பாருங்கள். முன்விசை ஏறக்குறைய 70 சதவீதமாகக் குறையும். அந்த இழப்புக்கு ஈடாக முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகரலாம். நின்ற இடத்திலேயே திரும்பலாம். பக்கம் நகரும்போது இரண்டு முன்னோக்கித் தள்ள, இரண்டு பின்னோக்கி இழுக்கும். எதிரெதிர் விசைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, பக்கவிசை மட்டும் மிஞ்சும். எத்தனை முறை வரைந்து பார்த்தாலும் அலுக்காத கணக்கு இது.

இதன் அருமை அணைச் சுவரில் விளங்கும். தென்பெண்ணையின் குறுக்கே நிற்கும் கே.ஆர்.பி. அணையில் 2017 நவம்பரில் ஒரு மதகின் ஷட்டர் உடைந்தது நினைவிருக்கும். இத்தகைய பழைய கட்டுமானத்தை நீருக்குள் சோதிக்கும் ரோபோ, சுவரை விட்டுக் கண்ணெடுக்காமல் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர வேண்டும். இத்தகைய நீருக்கடி ஆய்வு ரோபோக்களைச் செய்யும் பிளானிஸ் நிறுவனம் ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2015இல் பிறந்தது.

ரோபோவை மேலும் கீழும் நகர்த்தும் செங்குத்து த்ரஸ்டர்களில் இன்னொரு நுட்பம் உண்டு. அணையடியில் வண்டல் படிந்திருக்கும். உயரம் காக்க நீரைக் கீழ்நோக்கி அடித்தால் சேறு கிளம்பி கேமரா குருடாகும். அதனால் தேர்ந்தவர்கள் ரோபோவைச் சற்றே மிதக்கும்படி எடைபோடுகிறார்கள். அதை ஆழத்தில் நிறுத்த நீரை மேல்நோக்கித் தள்ளினால் போதும், வண்டல் அசையாது.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலும் ஒசூர்ப் பட்டறைகளிலும் ரோபோ செய்யத் துடிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரிய மோட்டாரைத் தேடும் முன் ஒரு தாளில் விசைக்கோடுகளை வரையுங்கள். நல்ல சாய்வில் வைத்த சிறிய மோட்டார், தப்பான இடத்தில் வைத்த பெரிய மோட்டாரைவிட நன்றாக உழைக்கும்.